லட்சத்தீவுக்கு விடுமுறை செல்லுமுன்: சில வரலாற்றுச் செய்திகள்

கோடை விடுமுறை தொடங்கினால் கள்ளக்குறிச்சிப் பகுதிக் குடும்பங்கள் வழக்கமாகச் செல்லும் இடம் கல்வராயன் மலையே. கோமுகி அணையில் சற்று நின்று, வெள்ளிமலை வரை ஏறி, மேகம் அருவியிலோ பெரியார் அருவியிலோ குளித்துவிட்டு, கொண்டுசென்ற பிரியாணியைப் பாறைமேல் அமர்ந்து உண்டு, மஃரிபுக்குள் வீடு திரும்புவர். சற்று வசதியுள்ளோர் ஏற்காடு செல்வர். ஆனால் அண்மைக் காலமாக நம் மக்களின் பேச்சில் வேறொரு பெயர் அடிக்கடி வருகிறது. 2024 சனவரியில் பிரதமர் லட்சத்தீவில் எடுத்துக்கொண்ட படங்கள் வெளியான நாள் முதல் அந்த நீலக் கடலும் வெண்மணலும் கைப்பேசிகளில் ஓயாமல் வலம் வருகின்றன. நம் மதரஸாவில் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை, "ஹஜ்ரத், பத்துத் தீவுல ஆளுங்க இருக்காங்களாமே, எந்தத் தீவுக்குப் போனா நல்லா இருக்கும்?" என்று நம்மிடம் கேட்டார்.

அக்கேள்விக்கு நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. கடலும் மணலும் எல்லாத் தீவுகளிலும் உண்டு. ஆயினும் அமினிக்குச் செல்பவர் காணும் சமூகம் வேறு. மினிக்காய்க்குச் செல்பவர் காணும் சமூகம் வேறு. பங்காரத்துக்குச் செல்பவரோ சமூகம் எதையுமே காண்பதில்லை. சுற்றுலா விளம்பரங்கள் இவையனைத்தையும் ஒரே படமாகக் காட்டிவிடுகின்றன. எனவே அத்தந்தைக்குக் கூற எண்ணியவற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

லட்சத்தீவு என்பது மரபாக 36 என எண்ணப்படும் சிறு பவளத் தீவுகளின் கூட்டம். நிலப்பரப்பு மொத்தமும் 32 சதுர கிலோமீட்டர்தான். கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் அரபிக் கடலில் சிதறிக் கிடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மக்கள் 64 ஆயிரத்துச் சொச்சம். அவர்களுள் 96 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். அதே கணக்கில் பித்ரா தீவின் மக்கள் 271 பேர். நம் ஊரில் ஒரு தெருவின் ஜமாஅத்தே அதைவிடப் பெரிது!

இத்தீவுகளை நமக்குத் தொடர்பற்ற தூரதேசம் என எண்ணிவிட வேண்டா. 1956 நவம்பர் 1 வரை அவை நம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை. அமினி, கட்மத், கில்தான், செத்லத், பித்ரா ஆகிய ஐந்தும் அமினித் தீவுகள் என்ற பெயரில் தென்கன்னட மாவட்டத்தின் கீழ் மங்களூரிலிருந்து ஆளப்பட்டன. கவரத்தி, அகத்தி, ஆந்த்ரோத், கல்பேனி, மினிக்காய் ஆகியன மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அதே காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியின் கோப்புகள் சென்ற அதே தலைமைச் செயலகத்திற்கே தீவுகளின் கோப்புகளும் சென்றன. 'லட்சத்தீவு' என்ற பெயர் சட்டப்படி வந்தது 1973-இல்தான்.

இன்னோர் ஒப்புமையும் உண்டு. நம் கல்வராயன் மலையும் ஒரு வகையில் தீவே. வெளியூரார் அதனை ஒரே மலை என்பர். மலைமக்களுக்கோ வடக்கில் உயரம் குறைந்த சின்னக் கல்வராயன் வேறு. தெற்கில் ஏறக்குறைய 4000 அடி எழும் பெரிய கல்வராயன் வேறு. மூன்று ஜாகிர்தார்களின் கீழ் நெடுங்காலம் தனித்திருந்த அம்மலை, நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்து 1976-இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துள் வந்தது. அங்குள்ள பழங்குடியினரை 'மலையாளிகள்' என்பர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்களது வழிவழிக் கதை. கேரளத்திற்கும் அவர்களுக்கும் மொழித் தொடர்பு இல்லை. தீவினரோ மலையாளத்தின் ஒரு பழைய வழக்கான ஜெஸரியைப் பேசுபவர்கள். பெயர் மட்டும் ஒத்துப் போவது வேடிக்கையே. ஆனால் சட்டத்தின் முன் இருவரும் ஒரே வகுப்பினர். கல்வராயன் மலையாளியும் பட்டியல் பழங்குடியினர். லட்சத்தீவில் பிறந்த பெற்றோருக்குப் பிறந்த முஸ்லிமும் பட்டியல் பழங்குடியினர்.

இனித் தீவுகளுக்கு இஸ்லாம் வந்த வரலாற்றைக் காண்போம். தீவினர் வழிவழியாகக் கூறுவது இது. முதல் கலீஃபா அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் வழித்தோன்றலான உபைதுல்லாஹ் (ரஹ்) அவர்கள் உறங்கும்போது, தூரத் தீவுகளுக்குச் சென்று தீனை எடுத்துரைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கனவில் ஏவக் கண்டார்கள். ஜித்தாவிலிருந்து கப்பலேறினார்கள். புயலில் கப்பல் உடைந்தது. ஒரு பலகையைப் பற்றியவாறு அமினியில் கரை ஒதுங்கினார்கள். அங்கு எதிர்ப்பும் இருந்தது, ஏற்பும் இருந்தது. ஒரு பெண்மணி இஸ்லாத்தை ஏற்று ஹமீதத் பீவி எனும் பெயர் பெற்று அவர்களை மணந்தார். பின்னர் அவர்கள் ஆந்த்ரோத் சென்று, அங்கும் பிற தீவுகளிலும் மக்களைத் தீனின்பால் அழைத்தார்கள். அவர்களது அடக்கத்தலம் இன்றும் ஆந்த்ரோத் ஜும்ஆ பள்ளியில் உள்ளது. ஹிஜ்ரி 41-இல் இது நிகழ்ந்தது என்பர் தீவினர். வரலாற்றாய்வாளர் பலர் அவ்வளவு முற்பட்ட காலத்தை ஏற்பதில்லை. மலபாரின் அரபு வணிகர் வழியாகச் சில நூற்றாண்டுகள் படிப்படியாகவே தீவுகள் இஸ்லாத்திற்கு வந்தன என்பது அவர்கள் கருத்து. காலம் எதுவாயினும், படையோடு வந்தவர் எவரும் இக்கதையில் இல்லை என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். உடைந்த கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய ஒரு விருந்தாளியிடமிருந்தே அத்தீவுகள் தம் தீனின் வரலாற்றைத் தொடங்குகின்றன.

ஆயுதத்தோடு வந்த விருந்தாளிகளும் உண்டு. தென்னை நார்க் கயிறு அக்காலக் கப்பல்களுக்கு உயிர். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்தே அரபிக் கடலின் மரக்கலங்களைக் கட்டினர். அக்கயிற்றுக்காகவே 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் தீவுகளைச் சூறையாடினர். அமினியில் இறங்கி நிலைகொண்டனர். தீவினர் அவர்களுக்கு நஞ்சிட்டு அனைவரையும் ஒழித்தனர் என்று அமினி மக்கள் இன்றும் கூறுவர்.

பின்னர் கோலத்திரி மன்னரிடமிருந்து தீவுகள் கண்ணூர் அறக்கல் அரச குடும்பத்தின் கைக்கு வந்தன. ஆட்சியாளர் முஸ்லிம்கள் ஆனமையால் துன்பம் தீர்ந்துவிடவில்லை. இதனை ஒளிக்காமல் எழுதுவதே நேர்மை. தீவினர் திரித்த கயிறு முழுவதையும் அறக்கல் அதிகாரிகளே வாங்க, அதற்கு ஈடாக அவர்கள் குறித்த அளவு அரிசியே கிடைத்தது. நெல் விளையாத மண்ணில் இருப்பவன் அரிசி தருபவனிடம் எதைப் பேரம் பேசுவான்? பொறுக்க இயலாத அமினித் தீவினர் சிலர் 1780-களில் மங்களூர் சென்று திப்பு சுல்தானிடம் முறையிட்டனர். சுல்தான் அறக்கல் குடும்பத்தோடு நட்புடையவர். ஆயினும் பேச்சு நடத்தி அந்த ஐந்து தீவுகளைத் தம் ஆட்சியில் எடுத்துக்கொண்டார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அவ்வைந்தும் கம்பெனியிடம் போயின. எஞ்சியவை அறக்கலிடமே இருந்தன. ஒரே தீவுக் கூட்டம் இரண்டு மாவட்டங்களாய்ப் பிரிந்து கிடந்ததன் காரணம் இதுவே.

எஞ்சியவற்றை விழுங்கியது வட்டி. 1847-இல் கடும் புயல் கல்பேனியையும் ஆந்த்ரோத்தையும் தாக்கியது. தென்னைகள் முறிந்தன, மக்கள் மாண்டனர். அப்புயலில் கடல் வாரி எறிந்த பவளக் கற்கள் கல்பேனியின் கீழ்க்கரையில் மேடாகக் குவிந்திருப்பதைச் சுற்றுலாச் செல்வோர் இன்றும் காணலாம். துயர் தீர்க்கும் பணிக்குக் கம்பெனி பணம் தந்தது, கடனாக. சில ஆண்டுகளில் வட்டி ஏறிற்று; அறக்கலால் செலுத்த இயலவில்லை; 1854-இல் அத்தீவுகளின் நிர்வாகமும் கம்பெனியின் கைக்குச் சென்றது. அம்மேட்டின்மேல் நின்று படம் எடுப்போருக்கு இதை யார் சொல்கிறார்கள் என்று நாம் அறியோம்.

அடுத்து, நம் குடும்பத்தினர் அங்குச் சென்றால் உடனே வியக்கக்கூடிய ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மினிக்காய் நீங்கலாகப் பிற தீவுகளில் குடும்பம் தாய்வழியில் அமைந்தது. தறவாடு எனும் கூட்டுக் குடும்பத்தின் பெயர் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். பழைய வழக்கில் கணவர் இரவில் மனைவியின் வீட்டுக்கு வந்து, காலையில் தம் தாயின் வீட்டுக்குத் திரும்புவார். லீலா துபே எனும் மானிடவியலாளர் கல்பேனியை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட நூல், இஸ்லாமும் தாய்வழி முறையும் ஒரே கூரையின் கீழ் எவ்வாறு வாழ்கின்றன என்பதையே பொருளாகக் கொண்டது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே குடியமர்த்தும் வழக்கத்தை அறிந்த தமிழ் முஸ்லிம்களுக்கு இது முற்றிலும் அந்நியமன்று. காட்டான்குடியிலும் இதுவே வழக்கம்.

சொத்தை அவர்கள் இரண்டாகப் பிரித்த விதம் கவனிக்கத்தக்கது. தறவாட்டின் கூட்டுச் சொத்தை 'வெள்ளியாழ்ச்சைச் சொத்து' என்பர். அது தாய்வழியில் செல்லும், பிரிக்கப்படுவதில்லை. ஒருவர் தாமே உழைத்து ஈட்டியதைத் 'திங்களாழ்ச்சைச் சொத்து' என்பர். அது ஷரீஅத்தின் பாகப்பிரிவினைப்படி வாரிசுகளுக்குச் செல்லும். வாரத்தின் இரண்டு கிழமைகளைக் கொண்டு இரண்டு சட்டங்களை அடையாளமிட்ட மக்களை வேறெங்கும் நாம் கேள்விப்பட்டதில்லை. ஃபிக்ஹ் கற்பிப்போர்க்கு இதில் உறுத்தல் இல்லாமல் இராது. ஷரீஅத்துக்கு முரணாகாத ஊர் வழக்கத்தை இமாம்கள் மதித்துள்ளனர். ஆனால் வாரிசுப் பங்குகளோ அல்லாஹ் தன் வேதத்திலேயே வகுத்தளித்தவை; வெள்ளியாழ்ச்சைச் சொத்து அப்பங்குகளுக்கு வெளியே நிற்கிறது. தீவுகளின் ஆலிம்களும் இதைக் கண்டும் காணாமல் இருந்துவிடவில்லை. இது குறித்து அங்கே தலைமுறைகளாக விவாதம் நடந்திருக்கிறது, தறவாட்டுச் சொத்தைப் பிரித்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. மறுபுறம், பெண்மக்களுக்கு ஒரு கைப்பிடி மண்கூடக் கொடுக்காமல் "சீர் செய்துவிட்டோம்" என்று கணக்கை முடிக்கும் நம் பக்கத்துக் குடும்பங்கள், தீவினரின் வழக்கத்தைக் குறைகூறுமுன் சற்றுத் தயங்குவது நல்லது. அங்கே தன் தாய் வீட்டிலிருந்து ஒரு பெண்ணை வெளியேற்ற எவராலும் இயலாது.

குறைகளும் உண்டு. அமினி, ஆந்த்ரோத், கவரத்தி, கல்பேனி போன்ற தீவுகளில் நிலமுடைய கோயாக்கள், கடலோடிகளான மாலுமிகள், தென்னையேறும் மேலாச்சேரிகள் என்ற பிரிவுகள் நெடுங்காலம் நிலவின. ஒரே ஸஃப்பில் தோள் உரசித் தொழுதவர்கள் திருமணத்தில் விலகி நின்றனர். 20-ஆம் நூற்றாண்டில் கல்வியும் அரசுப் பணியும் வந்த பின்னரே அது தளர்ந்தது.

கவரத்தி தலைநகர், 1964-இல் கோழிக்கோட்டிலிருந்து நிர்வாகம் அங்கு மாறியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் அத்தீவில் இருக்கின்றன. அவற்றுள் ஷெய்கு முஹம்மது காஸிம் (ரஹ்) அவர்களோடு தொடர்புடைய உஜ்ரா பள்ளியின் மரக்கூரைச் சிற்ப வேலைப்பாடு புகழ்பெற்றது. கடலில் மிதந்து வந்த மரத்தில் செதுக்கியது என்பர். தீவினர் ஷாஃபிஈ மத்ஹபினர். நம் பகுதி ஹனஃபிகள் அங்கு ஃபஜ்ரில் நின்றால் இரண்டாம் ரக்அத்தில் இமாம் கையேந்திக் குனூத் ஓதுவார். பிள்ளைகள் திகைக்காதிருக்க முன்னரே சொல்லி வைப்பது நன்று. கட்மத் நீண்டு ஒடுங்கியது, நீச்சலுக்கும் கடலடி காண்பதற்கும் பெயர் பெற்றது. அகத்தியில் விமான நிலையம் உள்ளது.

மினிக்காய் தனி உலகம். மற்றத் தீவுகளிலிருந்து ஒன்பது பாகைக் கால்வாய் எனும் பரந்த கடல் அதனைப் பிரிக்கிறது. மாலத்தீவுக்கே அது நெருக்கம். பேச்சும் மாலத்தீவின் திவேஹியே. அங்கே அதனை மஹல் என்பர். வலமிருந்து இடமாகச் செல்லும் தானா எழுத்தில் எழுதுவர். தறவாடு இங்கில்லை, ஊர்கள் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் ஆண்களின் தலைவர் ஒருவர், பெண்களின் தலைவி ஒருவர். ஊர்ப் பொது வீட்டில் கூடிப் பேசி வேலைகளைப் பகிர்வர். சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டு வெயிலில் கல்போல் காயவைத்த மாசி அவர்களது செல்வம்; மாசிச் சம்பல் அறிந்த நம் கடற்கரை ஊரார்க்கு விளக்கம் வேண்டியதில்லை. அத்தீவின் ஆண்கள் உலகெங்கும் கப்பல்களில் வேலை செய்வோர். 1885-இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் இன்றும் அங்கு நிற்கிறது. கவரத்தியையும் மினிக்காயையும் ஒரே பயணத்தில் கண்டவர், ஒரே நாட்டில் இருந்தோம் என்று நம்பச் சற்று நேரமாகும்.

இவ்வளவும் கேட்ட அத்தந்தை, "வெளிநாட்டுலயும் இப்படித் தீவு இருக்குல்ல, அங்கெல்லாம் நம்மாளுங்க இருக்காங்களா?" என்றார். நமக்கு உடனே நினைவுக்கு வந்தவை மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குரிய பலேரியத் தீவுகள். மயோர்க்கா, மெனோர்க்கா, இபிஸா ஆகிய மூன்றும் இன்று ஐரோப்பியரின் விடுமுறை இல்லங்கள். பெரியதான மயோர்க்காவில் மலையும் நகரமும், மெனோர்க்காவில் அமைதி, இபிஸாவிலோ விடியும் வரை ஆட்டமும் பாட்டும். அங்குச் செல்வோருள் எத்தனை பேர் அறிவர், 902-இல் இஸாமுல் கவ்லானீ என்பவர் வென்றது முதல் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அவை முஸ்லிம் நாடாக இருந்தன என்பதை? இப்னு ஹஸ்ம் அவர்களும் மாலிகி அறிஞர் அல்பாஜீ அவர்களும் வாதம் புரிந்தது மயோர்க்காவில். புகாரி, முஸ்லிம் இரண்டையும் ஒன்று சேர்த்து 'அல்ஜம்உ பைனஸ் ஸஹீஹைன்' தொகுத்த இமாம் அல்ஹுமைதீ அந்தத் தீவின் மைந்தர். 1095-இல் பக்தாதில் மறைந்தார். 1229 டிசம்பர் 31-இல் அரகோன் மன்னர் ஜெய்மே தலைநகரைக் கைப்பற்றினார். மெனோர்க்கா, ஸயீத் இப்னு ஹகம் எனும் ஆட்சியாளரின் கீழ் கப்பம் செலுத்தி மேலும் அரை நூற்றாண்டு தப்பியது; 1287-இல் அதுவும் வீழ்ந்தது. விலை கொடுத்து விடுதலை பெற இயலாத மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். இன்று அங்கே எஞ்சியவை 'பினி' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்களும், பால்மா நகரின் பழைய குளியல் கூடமும் போன்ற சிலவே. அத்தீவுகளின் அழகு குறையவில்லை. பாங்கு சொல்ல ஆள் இல்லாமற்போயிற்று.

லட்சத்தீவில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் தம் மண்ணில் தாமே இருப்பதற்கு ஒரு வேலியும் இருக்கிறது: 1967-இல் ஏற்பட்ட நுழைவுக் கட்டுப்பாட்டு விதிகள். அனுமதிச் சீட்டின்றி வெளியார் அங்கு இறங்க இயலாது. "நம்ம நாட்டுக்குள்ள எதுக்கு அனுமதி?" என்று சலித்துக்கொள்வோரை நாம் அறிவோம். கல்வராயன் மலையில் இத்தகைய வேலி இருந்திருந்தால் ஞாயிறுதோறும் அருவிக்கரையில் நாம் விட்டுவரும் நெகிழிக் குப்பையும், உடைந்த புட்டிகளும் இவ்வளவு இருந்திராது.

புட்டி என்றதும் மற்றொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தீவுகளில் மதுவிலக்கு உண்டு. 1979-இல் அதற்கெனத் தனி விதியே இயற்றப்பட்டது. விலக்குப் பெற்றது ஆளில்லாத பங்காரம் மட்டுமே. 1987 இறுதியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி விடுமுறை கழித்ததால் பெயர்பெற்ற அத்தீவில், 1980-களிலிருந்து சுற்றுலா விடுதி இயங்கி வந்தது. மக்கள் வாழும் தீவுகளிலும் சுற்றுலாவுக்காக விலக்கைத் தளர்த்தும் பேச்சு அண்மை ஆண்டுகளில் எழுந்தது. அதுவும் நிலம் தொடர்பான புதிய வரைவுகளும் சேர்ந்து தீவினரைக் கலங்கச் செய்தன. 2021 சூன் 7 அன்று அவர்கள் தத்தம் வீடுகளிலேயே உண்ணாநிலை இருந்தனர்.

கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு இதனை வெறும் செய்தியாக வாசிக்க நம்மால் இயலாது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் 1937-இல் நடைமுறைக்கு வந்தது நம் அண்டை மாவட்டமான சேலத்தில்தான். 1971-இல் தமிழ்நாடு அதனைக் கைவிட்டது. 2024 சூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தெருவில் வரிசையாகக் கிடத்திய உடல்களை இவ்வூர் கண்டது. அந்நாள்களில் மலைமீது ஊறல் தேடிக் காவலர்கள் ஏறினர். பழி முழுவதும் மலைமக்கள்மேல் விழுந்தது. குடிப்பவனும் விற்பவனும் சமவெளியிலேயே இருந்தனர். ஒரு சிறு தீவில், எல்லாரும் எல்லார்க்கும் உறவினராக உள்ள இடத்தில், இது நுழைந்தால் என்னவாகும் என்று அஞ்சுவோரைப் பிற்போக்காளர் என்று ஏசுவது எளிது.

பயணம் செய்வதைத் தடுப்பதற்காக நாம் இவற்றை எழுதவில்லை. பூமியில் பயணம் செய்து, முன்னோரின் நிலையைக் காணுமாறு அல்லாஹ் தன் திருமறையில் பன்முறை ஏவுகிறான். சின்னசேலத்தில் ரயிலேறிச் சேலம் வழியாகக் கொச்சி சென்றால் அங்கிருந்து கப்பல்; தீவைப் பொறுத்துப் பதினான்கு முதல் இருபது மணி நேரம். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்; அம்மாதங்களைத் தவிர்க்க வேண்டும். பயணத்தில் கஸ்ரும் ஜம்உம் பற்றி அவரவர் மத்ஹபின்படி முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது. பெண்கள் நடமாடும் கரையில் ஆண்கள் அரைக்கால் சட்டையோடு உலவுவதைத் தீவினர் விரும்புவதில்லை; நம் தெருவிலும் நாம் விரும்புவதில்லை அல்லவா?

அத்தந்தைக்கு இறுதியில் நாம் சொன்ன விடை ஆந்த்ரோத். "அங்க குளிக்க நல்லா இருக்குமா ஹஜ்ரத்?" என்றார். மக்கள் வாழும் தீவுகளுள் பெரியது அதுவே. ஆனால் பிற தீவுகளைப் போல அமைதியான பெரிய காயல் அதற்கு இல்லை. பிள்ளைகள் குளிக்கக் கட்மத் மேலானது என்று ஒப்புக்கொண்டோம். பலகையைப் பற்றிக் கரை சேர்ந்தவரின் கப்ரு ஆந்த்ரோத்தில் இருக்கிறது. முதலில் அங்கே ஸலாம் சொல்லிவிட்டுக் கட்மத் போங்கள் என்றோம். அவர் மனைவிக்கோ மினிக்காயின் அந்தப் பெண் தலைவியரைக் காண வேண்டுமாம்.